கடலில் நின்ற கான்கிரீட் கப்பல்!

பிலிப்பைன்ஸ் நாட்டில், மணிலா வளைகுடாவின் வாசலில் ஒரு "கப்பல்" நிற்கிறது. புயல் அடித்தாலும் அது அசையாது. 100 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

உண்மையில் அது கப்பல் அல்ல. கோட்டை! அதன் பெயர் டிரம் கோட்டை.

1898-ல் ஸ்பெயினுடன் நடந்த போரில் அமெரிக்கா வென்றது. பிலிப்பைன்ஸ் அதன் கைக்கு வந்தது. மணிலா துறைமுகத்துக்குள் பகைவர் கப்பல் நுழையக்கூடாது என்று, வளைகுடா வாசலில் உள்ள தீவுகளில் அமெரிக்கர் பீரங்கிகளை நிறுத்தினார்கள். அவற்றில் ஒன்று வெறும் பாறைத் தீவு.

பாறையைச் சீவினார்கள்

1909-ல் வேலை தொடங்கியது. பாறையின் தலையைச் சீவி, மேலே கான்கிரீட்டைக் கொட்டினார்கள். நீளம் 350 அடி. அகலம் 144 அடி. சுவரின் கனமோ 25 அடி முதல் 36 அடி வரை! நாம் குடியிருக்கும் வீட்டின் சுவர் ஒன்றரை அடி இருந்தாலே அதிகம்.

மேல் தளத்தில் சுழலும் இரும்புக் கூண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு ராட்சத பீரங்கிகள். ஒரு குண்டின் எடை சுமார் 750 கிலோ. அதாவது 10 நெல் மூட்டை!

1942-ல் ஜப்பானியர் கரையில் இருந்து குண்டுமழை பொழிந்தார்கள். கான்கிரீட் பெயர்ந்தது, சுவர் உடையவில்லை. உள்ளே இருந்த 200-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

ஆனால் அருகில் இருந்த கொரிகிடார் தீவு வீழ்ந்தது. மே 6-ந் தேதி இவர்களும் சரண் அடைய வேண்டியதாயிற்று. பீரங்கிகளைத் தாங்களே கெடுத்துவிட்டு, கைதிகளாக வெளியே வந்தார்கள்.

உள்ளே நெருப்பு!

3 ஆண்டுகள் சென்றன. இப்போது கோட்டைக்குள் இருந்தவர்கள் ஜப்பானியர். பிடிக்க வந்தவர்கள் அமெரிக்கர். அந்தச் சுவரைக் குண்டு துளைக்காது என்பது கட்டியவர்களுக்குத் தெரியாதா?

1945 ஏப்ரல் 13-ந் தேதி ஒரு கப்பலைக் கோட்டையை ஒட்டி நிறுத்தினார்கள். பலகைப் பாலம் போட்டு மேல் தளத்துக்கு ஓடினார்கள். ஒவ்வொரு துவாரத்துக்கு எதிரிலும் ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்டி நின்றான். உள்ளே இருப்பவன் தலையை நீட்டினால் சூடு!

அதற்குள் இன்னொரு குழு, காற்றுத் துவாரத்தில் குழாயைச் செருகியது. டீசலும் பெட்ரோலும் கலந்து சுமார் 3 ஆயிரம் காலன் உள்ளே பாய்ந்தது. வெடிமருந்துக்குத் திரி வைத்துவிட்டு எல்லோரும் விலகிப் போனார்கள்.

பயங்கரச் சத்தத்துடன் கோட்டை வெடித்தது. கான்கிரீட் பாளங்கள் வானில் பறந்தன. சில நாட்கள் வரை உள்ளே போக முடியாதபடி தீ எரிந்தது. உள்ளே 60-க்கும் மேற்பட்ட ஜப்பானியர் இருந்தனர். ஒருவரும் பிழைக்கவில்லை.

பழைய இரும்புக்காக வந்தவர்கள் பிறகு கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றிப் போய்விட்டார்கள். ராட்சத பீரங்கிகளை மட்டும் அசைக்க முடியவில்லை. அவை துருப்பிடித்து, கடலைப் பார்த்தபடி இன்னும் அங்கேயே கிடக்கின்றன.