மின்சாரம் நின்றால் மீன்தொட்டி என்னவாகும்?

அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறையில் பெரிய வண்ணமீன் தொட்டியைக் காண்பது இப்போது அரிதல்ல. அதைத் தாங்கும் மரப்பெட்டிக்குள் இன்னொரு சிறு தொட்டி மறைந்திருக்கும். நம் வீட்டு நிலத்தடித் தொட்டியைப் போலவே இதற்கும் 'சம்ப்' என்றுதான் பெயர். மேல்தொட்டியில் வழியும் நீர் கீழே வந்து வடிகட்டப்பட்டு, மோட்டார் வழியாக மீண்டும் மேலேறுகிறது. அந்த மோட்டார் நிற்கும் கணத்தில் என்ன நடக்கும் என்று தொட்டி வாங்கும்போது கேட்பவர் மிகச் சிலரே.

எங்கள் குடியிருப்பில், ஓர் இரவு மின்தடையின்போது, இரண்டாம் தளத்துத் தொட்டி நீர் முதல் தளத்து வீட்டின் பொய்க்கூரையையும் சுவிட்ச் போர்டையும் நனைத்துவிட்டது. இரு தரப்பையும் அமர வைத்துப் பேசும் பொறுப்பைச் சங்கத்தினர் என்னிடம் ஒப்படைத்தனர். ஒருவரின் செயலுக்கான செலவு இன்னொருவர் தலையில் விழுவதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம். ஆலைப்புகையை எடுத்துக்காட்டாகச் சொல்லியே பல்லாண்டுகள் அதைக் கற்பித்திருக்கிறேன். இங்கே அது உண்மையாகவே தலையில் விழுந்திருந்தது. குழாயின் வாயைச் சில அங்குலம் உயர்த்தி வைத்திருந்தால் அந்தப் பஞ்சாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, பீப்பாயிலிருந்து கேனுக்கு மண்ணெண்ணெய் மாற்றியதைப் பார்த்த தலைமுறைக்குக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நீர் நிரம்பிய குழாயின் ஒரு முனை தாழ்வாக இருந்தால், உயரத்தில் உள்ள முனைக்குக் காற்று கிடைக்கும் வரை ஓட்டம் நிற்காது. மேலேறும் குழாயின் வாய் தொட்டிநீருக்குள் மூழ்கியிருந்தால், மோட்டார் நின்றதும் அதே குழாய் நீரைக் கீழே இறக்கத் தொடங்கிவிடும். நின்றுபோன மோட்டார் அதைத் தடுப்பதில்லை. மொட்டைமாடித் தொட்டியில் பெரும்பாலும் குழாய் நீர்மட்டத்துக்கு மேலிருந்து கொட்டுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அந்த வேலையில் கைதேர்ந்த பிளம்பர் மீன்தொட்டியிலும் அதையே எதிர்பார்ப்பது இயல்பு.

கணக்கைப் பார்ப்போம். 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் ஒரு செ.மீ. உயர நீர் என்பது 5.4 லிட்டர். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இருந்தால் 81 லிட்டர் இறங்கும். கீழேயுள்ள சம்ப் 75 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் கொண்டதாயின், அதில் நீர் 27 செ.மீ. உயரும். 40 செ.மீ. உயரமுள்ள அந்தச் சம்பில் முன்பே 25 செ.மீ. நீர் இருந்தால், 36 லிட்டர் தரைக்கு வரும். அதே வாய் 2 செ.மீ. ஆழத்தில் மட்டும் இருந்தால் இறங்குவது 10.8 லிட்டர்; சம்பில் உயர்வு 4 செ.மீ.கூட இல்லை. குழாய்களில் தங்கியுள்ள சில லிட்டர்களையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருவழி வால்வு பொருத்தினால் போதாதா என்று கேட்பார்கள். பொருத்தலாம், நம்பியிருக்கக் கூடாது என்பது என் கருத்து. பாசியோ ஒரு சிறு நத்தையோ சுண்ணாம்புப் படிவோ சிக்கினால் அது முழுமையாக மூடாது. மூடவில்லை என்பது மின்சாரம் நிற்கும்போதுதான் தெரியும். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே குழாயில் ஒரு சிறு துளையிட்டால், மட்டம் இறங்கியதும் அது காற்றை உள்ளிழுத்து ஓட்டத்தை அறுத்துவிடும். ஆனால் துளையும் பாசியால் அடைபடும். தொட்டியைத் துடைக்கும்போதெல்லாம் அதையும் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். வாய் உயரத்தில் இருப்பதும் சம்பில் வெற்றிடம் விடுவதுமே முதல் காவல்.

எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. இறங்கு குழாயை ஓர் இலை அடைத்துக்கொண்டால், மோட்டார் தன் அறையிலுள்ள நீர் தீரும் வரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் 12 லிட்டர் இருந்தால் மேல்தொட்டியின் மட்டம் 2.2 செ.மீ. உயரும், விளிம்புக்குக் கீழே அதைவிட அதிக இடம் இருக்க வேண்டும். சம்பைத் தானாக நிரப்பும் கருவி வைத்தவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வால்வு இல்லாத இரண்டாவது இறங்கு குழாய் எவருக்கும் நல்லது. தானாக நிரப்புவோருக்கு அது கட்டாயம்.

மீன் விடுவதற்கு முன்பே, தொட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணைத்து, நீர் இறங்கி அடங்கும் வரை காத்திருந்து பாருங்கள். சம்ப் நிரம்பாமல் நிற்கிறதா? அப்படியானால் மீண்டும் ஓடவிட்டு, மோட்டார் அறையில் நீர் நிற்கும் இடத்தில் கண்ணாடியின் வெளிப்பக்கம் மார்க்கரால் கோடு போடுங்கள். ஆவியாகும் நீரை ஈடுகட்ட வீட்டில் யார் ஊற்றினாலும், மோட்டார் ஓடும்போது ஊற்ற வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

மின்னிணைப்பில் சிக்கனம் வேண்டாம். ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கி, பிறகு மேலேறி இணைய வேண்டும். ஒயரில் வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். பலகையில் உள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. வீட்டு ஒயர்களைக் காக்கும், மனிதரை அல்ல; அந்த அளவில் நூறில் ஒரு பங்கு மின்னோட்டமே உயிரைப் பறிக்கக்கூடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தேவை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். அது இருந்தாலும், நீருக்குள் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுவதே முறை.