ஸ்பர்ஷில் ஆயாவின் பிறந்த தேதி

வேலூர் சுற்றுவட்டாரத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. இந்தப் பக்கம் பொது சேவை மையம் நடத்துகிறவள் நான். பட்டா, வருமானச் சான்று, ஆதார் என்று வருகிறவர்களுக்கு நடுவே, கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஆயா உட்கார்ந்திருப்பார். "என்னமோ ஸ்பர்ஷுன்றாங்களே, அதுல என் பேரு கீதான்னு பாரும்மா."

பெயர் பெரும்பாலும் இருக்கும். என்ன பெயர், எந்த வயது என்பதில்தான் சிக்கல்.

முன்பெல்லாம் தரைப்படைக்காரர்களுக்கு பிரயாக்ராஜில் இருக்கிற பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம் பென்ஷன் ஆர்டர் மட்டும் போடும். பி.பி.ஓ. என்பார்கள். மாதாமாதம் கணக்குப் பார்த்துப் பணம் போடுவது வங்கியின் வேலை. சம்பளக் கமிஷன் வந்தாலும் சரி, 2014 ஜூலையிலிருந்து 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' நடைமுறைக்கு வந்தபோதும் சரி, ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாகக் கணக்குப் போட்டது. ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ், ஆனால் இரண்டு வங்கியில் இரண்டு தொகை. கூடுதலாகப் போட்டுவிட்டு வருஷம் கழித்துப் பிடித்துக்கொண்டதும் உண்டு.

ஸ்பர்ஷ் என்கிற ராணுவ ஓய்வூதியக் கணினி அமைப்பு வந்த பிறகு ஆர்டர், கணக்கு, பணம் மூன்றும் பிரயாக்ராஜிலிருந்தே நடக்கிறது. வங்கிக்குக் கணக்கு வைத்திருப்பதோடு சரி. 2021 முதல் பழைய ஓய்வூதியர்களைக் கொத்துக் கொத்தாக இதற்கு மாற்றினார்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களையும் சேர்த்து இப்போது 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் இருக்கிறார்கள். எந்த மாதம் எவ்வளவு வந்தது, அகவிலைப்படி எவ்வளவு என்று திரையிலேயே பார்க்கலாம். மாற்றியது நல்லதுதான் என்பது என் கட்சி. ஆனால் மாறும்போது இடறியது யார் என்றால், பெரும்பாலும் இந்த ஆயாக்கள்தான்.

2022 ஏப்ரலில் நாடு முழுவதும் 58 ஆயிரம் பேருக்கு மேல் மாதக் கடைசியில் பென்ஷன் ஏறவில்லை. அவர்கள் உயிரோடு இருப்பதற்கான வருடாந்தரச் சான்று பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு வந்து சேராததுதான் காரணம். மே முதல் வாரத்தில் சிறப்பு விலக்கு கொடுத்துப் பணத்தைப் போட்டார்கள். சிறிய சிக்கல் என்று டெல்லியில் தோன்றியிருக்கலாம். மருந்துக் கடையில் கடன் சொல்லி நின்றவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த உயிர்ச் சான்றில் இன்றைக்கும் ஒரு பொறி இருக்கிறது. அதைப் பதிகிற ஜீவன் பிரமாண் தளத்தில் பணம் வழங்கும் அமைப்பு எது என்று கேட்கும் இடத்தில் ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்தாலும் சான்று ஜம்மென்று பதிவாகிவிடும், கையில் ரசீதும் வரும். ஆனால் அது பிரயாக்ராஜ் போகாது. வேறொரு கடையில் இப்படிப் பதிந்துவிட்டு, ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, பென்ஷன் ஏன் நின்றது என்று புரியாமல் வந்த ஒரு ஆயா, "நான்தான் உசுரோட குந்தினு கீறேனே, அவங்களுக்கு இன்னும் இன்னா வேணுமாம்?" என்று என்னைத்தான் கேட்டார். ரசீதில் அந்த ஒரு வரியைப் படித்துப் பார்த்துவிட்டுக் கடையை விட்டுக் கிளம்புங்கள். ரேகை விழவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். காலமெல்லாம் பீடி சுற்றிய கை, களை எடுத்த கை, ரேகை தேய்ந்துதான் இருக்கும். 2021 நவம்பரிலிருந்து முகத்தை வைத்தே செல்போனில் பதியும் வசதி இருக்கிறது.

பெயருக்கும் பிறந்த தேதிக்கும் வருகிறேன். அந்தக் காலத்தில் சிப்பாய் கல்யாணம் முடித்து லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியதும் மனைவி பெயரைச் சொல்வார், பார்ட் டூ ஆர்டர் என்கிற யூனிட் பதிவில் ஏறும். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னவர்கள் உண்டு. ராணி என்று ஏறியிருக்கும், ஆதாரில் முனியம்மாள் என்றிருக்கும். சரியாகச் சொன்னவர்களின் மனைவியர் பெயரையும் தமிழ் தெரியாத கிளார்க் இரண்டாக உடைத்து எழுதியிருப்பார். பிறந்த தேதி பல பழைய ஆர்டர்களில் கிடையவே கிடையாது. வங்கி மேனேஜர் முகத்தைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிய காலத்தில் இதெல்லாம் யாரையும் உறுத்தவில்லை. கணினிக்கு முகம் தெரியாது. மாற்றத்தின்போது விவரம் பொருந்தாமல் நின்றவை ஆறு லட்சத்துக்கும் மேல் என்று பாதுகாப்பு அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பெரும்பாலானவற்றைச் சரிசெய்தும் விட்டார்கள்.

பிறந்த தேதி இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார்கள். பணம்தான் குறையும். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தது 9,000 ரூபாய். அதன் மேல் அகவிலைப்படி. வாங்குகிறவருக்கு 80 வயது ஆனதும் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறைத் தொட்டால் இரண்டு மடங்கு. பதிவில் சரியான தேதி இருந்தால் கேட்காமலே ஏறும். தேதி இல்லை என்றால் கணினியைப் பொறுத்தவரை ஆயாவுக்கு வயதே ஆவதில்லை. ஏழைக் குடும்பத்தில் மாதம் 1,800 ரூபாய் சும்மா இல்லை.

திருத்துவதற்கு வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாகக் கணவரின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் பக்கம் வெலிங்டன், எம்.இ.ஜி. எனும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக். பள்ளிக்கூடச் சான்று இல்லாதவர்கள் ஆதார், பான், வாக்காளர் அட்டை கொடுக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரெக்கார்ட் ஆபீஸ் ஒத்துக்கொண்டால் பிரயாக்ராஜிலிருந்து திருத்திய பி.பி.ஓ. வரும்.

கணவர் இறந்ததை மறைத்து ஏ.டி.எம்.மில் அவர் பென்ஷனை எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். எடுத்தது அத்தனையும் பின்னால் அம்மாவின் பென்ஷனில் பிடிக்கப்படும். இறந்த மறுநாளிலிருந்தே அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, ஸ்பர்ஷில் இறப்பைப் பதிவு செய்தால் அதற்கான வேலை தொடங்கிவிடும். ஊனமுற்ற பிள்ளை இருந்தால் தாய்க்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க வர வழி இருக்கிறது. அந்தப் பெயரையும் அப்பா இருக்கும்போதே ஏற்றிவிடுவது நல்லது.

அதனால் என் கடைக்குத் தன் உயிர்ச் சான்றுக்காக வருகிற ஒவ்வொரு மிலிட்டரிக்காரரிடமும் மனைவி விவரப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். போன நவம்பரில் ஒரு ரிட்டயர்டு ஹவில்தாருக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தது. "அவ வயசு யாருக்கும்மா தெரியும்?" என்றவர் வீட்டுக்குப் போன் போட்டார். கட்டபொம்மன் படம் வந்த வருஷம் பிறந்தேன் என்றது மறுமுனை. அப்படியென்றால் 1959. ஆதாரில் 1956 ஜனவரி 1. ஆதாரைப் பார்த்தால் எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் ஜனவரி முதல் தேதியில்தான் பிறந்திருக்கிறார்கள். போனை வாங்கி, பானிலும் வாக்காளர் அட்டையிலும் அதே 1956 இருப்பதால் அதைத்தான் ஏற்ற முடியும் என்றேன்.

"மூணு வயசு கூடிப்போச்சே" என்றார்.

"எண்பதும் மூணு வருஷம் முன்னாடியே வரும்மா. இருபது பர்சென்ட்."

"அப்போ இருக்கட்டும்."