ஏலத்துக்கு நிழல், பூமிக்குக் கவசம்

போடியை அடுத்த குரங்கணிக்கு மேலே, ஏலத் தோட்டங்களில் வெயில் நேராகத் தரை தொடுவதில்லை. உயர்ந்த மரங்கள் அதைச் சலித்துத்தான் கீழே விடுகின்றன. வெளிச்சம் இல்லாவிட்டால் ஏலம் காய்க்காது. நேர்வெயில் பட்டால் இலை கருகிவிடும். நிழல்மரத்தைக் கவாத்து செய்கிறவர் எந்தக் கிளையை வெட்டுவது, எதை விடுவது என்று அவ்வளவு பார்ப்பது அதனால்தான்.

பூமிக்கும் அப்படியொரு நிழலை இறைவன் வைத்திருக்கிறான். நம் காலுக்கடியில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு ஓயாமல் புரள்கிறது. அதிலிருந்து எழும் காந்தப்புலம் பல்லாயிரம் கிலோமீட்டர் வானில் விரிந்து பூமியை மூடி நிற்கிறது. சூரியன் ஒளியை மட்டும் அனுப்புவதில்லை. மின்னேற்றத் துகள்களையும் வீசிக்கொண்டே இருக்கிறது. சில நாட்களில் பல நூறு கோடி டன் பிழம்பையே காந்தப்புலத்தோடு சேர்த்துக் கக்கிவிடும். அதைத் தாங்குவது இந்தக் கவசம்தான்.

அது தளர்ந்த ஒரு நேரத்தை நம் ஊட்டியே பதிவு செய்தது. 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயலொன்று மோதியபோது, அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தின் மியூவான் கருவியில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் திடீரெனப் பெருகின. சுமார் 2 மணி நேரம் அப்படி இருந்தது. பிறகு கவசம் தானாகவே சரியாயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

1989 மார்ச் 13 அன்று இன்னொரு புயலில் கனடாவின் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் இருண்டு கிடந்தது. வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் மின்கம்பிகளுக்குள்ள ஆபத்து நமக்குக் குறைவு. ஆனால் தலைக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள் எல்லோருக்கும் பொது. போடியில் ஏலக்காய் ஏலமே கணினித் திரையில் நடக்கும் காலம் இது.

இப்படிப்பட்ட புயல்களை அறியச் சூரியனைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் குரங்கணிக்கு வடகிழக்கே, மலைகளுக்கு அப்பால் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் செய்த வேலை எனக்குப் பெரிதாகப் படுகிறது. வானம் தெளிந்த நாளிலெல்லாம் சூரியனை, தொடக்கத்தில் கண்ணாடித் தகட்டில், படம் பிடித்து, நூறாண்டுக்கு மேலான பதிவைச் சேர்த்துவிட்டார்கள். சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். இன்று பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜியின் தலைமையில் உருவான ஆதித்யா-எல்1 விண்கலம் அதே சூரியனைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.