36 ரோல், 1,500 சொற்கள்

பிரிட்டனில் எழுத்தை மட்டும் கொண்டு கலைத்துறையில் முனைவர் பட்டம் பெற, ஏறத்தாழ 80,000 சொற்களில் ஆய்வேடு வேண்டும். படைப்புவழி ஆய்வென்றால் பல பல்கலைக்கழகங்களுக்கு 40,000 போதும். மீதிப் பாதியைப் படைப்பே சுமக்கிறது. சேர்க்கைக்குக் கேட்கும் முன்மொழிவோ பெரும்பாலும் 1,000 முதல் 2,000 சொற்கள்தான். அதில் படைப்புக்கு எத்தனை?

1993-இல் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் வெளியிட்ட கட்டுரையில் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் மூன்று வகை சொன்னார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியே ஆய்வு, கலைக்கான ஆய்வு. நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஆகவே 1,500 சொற்கள் கிடைத்தால் கேள்விக்கு 200, முந்தைய படைப்புகளுக்கும் நூல்களுக்கும் 400, செய்முறைக்கு 600, காலத்துக்கும் செலவுக்கும் 300 என்று பிரிப்பேன். கோட்பாட்டுக்கே 1,000 சொற்களைக் கொடுத்துவிட்டால் அது முதல் வகை ஆய்வாகிவிடும்.

அந்த 600 சொற்களில் அளவு பேச வேண்டும். 16 மி.மீ. ஃபிலிமில் 20 நிமிடப் படம் என்று வைத்துக்கொள்வோம். அடிக்கு 40 ஃபிரேம். 100 அடி ரோலில் 4,000. நொடிக்கு 24 வீதம் ஓடினால் 2 நிமிடம் 47 நொடியில் ரோல் தீர்ந்துவிடும். ஐந்து பங்கு எடுத்து ஒரு பங்கை வைத்துக்கொள்வதானால் 100 நிமிடம் படம்பிடிக்க வேண்டும்: 36 ரோல், 3,600 அடி. ஒவ்வொரு ரோலுக்கும் வாங்கும் விலை, லேபில் கழுவும் கூலி, ஸ்கேன் கூலி என மூன்று செலவு. மூன்று பங்கு மட்டும் எடுத்தால் 22 ரோலில் முடியும். 14 ரோல் மிச்சம்தான். ஆனால் ஆய்வின் கேள்வியே படப்பிடிப்பில் நேரும் தற்செயலைப் பற்றியது என்றால் அந்த 14 ரோலில்தான் ஆய்வு இருக்கிறது. அதை வெட்டவே கூடாது. ஏன் 36 என்று இரண்டு வரியில் சொல்ல முடிகிறவருக்கு ஆய்வுமுறை கைவந்துவிட்டது என்பேன்.

2025-26-இல் பிரிட்டிஷ் அரசின் ஆய்வு நிதி அமைப்பான யுகேஆர்ஐ தந்த குறைந்தபட்ச உதவித்தொகை ஆண்டுக்கு 20,780 பவுண்டு, மாதம் சுமார் 1,732. உள்நாட்டு மாணவருக்கான அந்த ஆண்டுக் கட்டணமான 5,006 பவுண்டையும் யுகேஆர்ஐயே செலுத்தியது. யுகேஆர்ஐ நிதி தரும் இடங்களில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடைக்கலாம். ஆனால் உள்நாட்டுக் கட்டணத்துக்கு மேற்பட்ட தொகையை அது தராது. தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர் இந்த வித்தியாசத்தை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உதவித்தொகை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமானது. 36 ரோலுக்குத் தனி நிதி கேட்டாக வேண்டும்.

முனைவர் ஆய்வு மூன்றரை ஆண்டு என்றால் 42 மாதம். கடைசி 12 மாதத்தை எழுத்துக்கும் கண்காட்சிக்கும் விட்டுவிட்டுப் படப்பிடிப்பை 30-க்குள் முடிப்பது நல்லது. கண்காட்சி சில நாளில் கலைந்துவிடும். நூலகத்தில் தங்குவது அதன் பதிவுதான். அதை எடுப்பவரின் கூலியையும் செலவுக் கணக்கில் இப்போதே எழுதுங்கள்.