உங்களுக்குத் தெரியுமா? நம் சேமலாபப் பணம் எண்ணெயும் எரிக்கிறது

● வெள்ளவத்தைப் புடைவைக் கடையில் நிற்கும் பிள்ளையின் சம்பளத்தில் மாதாமாதம் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. முதலாளி 12 வீதம் போடவேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்த நிதி இது. பணத்தை முதலீடு செய்வது மத்திய வங்கி.

● கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே, களனி கங்கையைத் தாண்டிப் போனால் கெரவலப்பிட்டி. அங்குள்ள 300 மெகாவாற் யுகதனவி மின் நிலையம் உலை எண்ணெயில் ஓடுவது. அதன் சொந்தக்காரரான வெஸ்ட் கோஸ்ட் பவர் கம்பனியில் திறைசேரிக்குப் பாதியளவு பங்கும், சேமலாப நிதிக்கு ஏறத்தாழ 27 வீதமும் இருந்தன. திறைசேரி தன் கையிலிருந்து கம்பனியின் 40 வீதப் பங்கை அமெரிக்கக் கம்பனியொன்றுக்கு விற்க 2021இல் ஒப்பந்தமானபோது, அமைச்சர்களே எதிர்த்து நின்றார்கள். அந்த 27 வீதத்தின் உண்மையான சொந்தக்காரர் கடைப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளர்களும்தான். ஆனால் முதலீட்டைப் பற்றி அவர்கள் வாக்களிக்கச் சட்டத்தில் வழியே இல்லை.

● வரட்சியில் நீர்மின் தரும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வற்றினால் எண்ணெய் நிலையங்களுக்கு வேலை கூடும். மலையகம் காய்கிற காலத்தில்தான் நம் ஓய்வுப் பணம் போட்ட இடத்தில் புகையும் கூடுகிறது. இது என்னை மிகவும் உறுத்துகிறது.

● நோர்வேயின் ஓய்வூதிய நிதி வடகடல் எண்ணெயில் பிறந்தது. அதுவே நிலக்கரியை நம்பியிருக்கும் கம்பனிகளிலிருந்து வெளியேறவேண்டும் என்று 2015இல் நோர்வே நாடாளுமன்றம் முடிவெடுத்தது. நெதர்லாந்தின் ஏபிபி ஓய்வூதிய நிதி, எண்ணெய், எரிவாயு, நிலக்கரி உற்பத்தியாளர்களின் பங்குகளை விற்பதாக 2021இல் அறிவித்தது.

● நாமும் அப்படியே விற்றுவிடலாமா? வெஸ்ட் கோஸ்ட் பங்கு கொழும்புப் பங்குச் சந்தையில் இல்லை. வாங்குகிறவரும் அதே எண்ணெயைத்தான் எரிப்பார். இயற்கை வாயுவுக்கு மாறக்கூடியதாகக் கட்டப்பட்ட நிலையம் என்பார்கள். வாயுவும் புதைபடிவ எரிபொருள்தான். ஆகவே இருக்கிற பங்கைக் கையில் வைத்து மாற்றத்துக்கு நெருக்கவேண்டும், புதிதாக ஒரு சதமும் எண்ணெயில் போடக்கூடாது என்பதே என் முடிவு.

● சேமலாப நிதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசாங்கப் பிணையங்களில் கிடக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் நிதி தன் முறிகளை மாற்றிக்கொள்ளாவிட்டால் அதன் முறி வருமானத்துக்கான 14 வீத வரி 30 ஆகும் என்ற நிலை. நிதி மாற்றிக்கொண்டது. அப்போதும் அங்கத்தவரிடம் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

● எது பசுமை முதலீடு என்று வகைப்படுத்தும் அளவுகோலை 2022இல் வெளியிட்டது இதே மத்திய வங்கிதான். அந்த அளவுகோலால் முதலில் அளக்கவேண்டியது அது பார்த்துக்கொள்ளும் நம் நிதியை. அங்கத்தவருக்கு வரும் மீதி அறிக்கையிலேயே, மீதித் தொகைக்குக் கீழே, அந்தப் பணம் எங்கெங்கே போடப்பட்டிருக்கிறது என்று தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி அச்சிடட்டும்.