வேலிக்குள் இருந்தாலும் அது பொது இடம்தான்

கோலாலம்பூரின் செராஸில் மாலை நேரத்தில் மக்கள் கூடிப் பேசும் இடங்கள் பெரும்பாலும் வேலிக்குள்தான் இருக்கின்றன. கொண்டோமினியத்தின் நீச்சல் குளம், பிபிஆர் என்னும் அரசு மக்கள் வீட்டுவசதித் திட்ட அடுக்குமாடியின் விளையாட்டுத் திடல், பூப்பந்து மைதானம், சூராவ், பல்நோக்கு மண்டபம் என்று அந்த இடங்களுக்குக் குறைவில்லை. 2016 ஆகஸ்டில் மலேசியாவுக்கு வந்த போக்கிமோன் கோ விளையாட்டு, இப்படிப்பட்ட உண்மையான இடங்களைத்தான் தன் வரைபடத்தில் நிறுத்தங்களாகக் காட்டுகிறது. ஆட்டக்காரர் நடந்து போய் அந்த இடத்தை நெருங்கினால் அவருக்கு ஆட்டத்துக்கான பொருள்கள் கிடைக்கும். புதிய இடங்களைப் பரிந்துரைப்பவர்களும் ஆட்டக்காரர்கள்தான். வேஃபேரர் என்ற தளத்தில் மற்ற ஆட்டக்காரர்கள் படத்தையும் விவரத்தையும் பார்த்து வாக்களிப்பார்கள். அங்கேதான் அடுக்குமாடிகள் அடிபடுகின்றன. ‘தனியார் குடியிருப்பு’ என்று ஒரே சொல்லில் பரிந்துரையைத் தள்ளிவிடுகிறார்கள். வேஃபேரரின் விதியைத் தவறாகப் படிப்பதால் வரும் முடிவு இது. தரைவீடு வாங்க வழியில்லாத குடும்பங்களின் பொதுவாழ்வு இதனால் வரைபடத்திலிருந்தே மறைந்துபோகிறது.

விதி தடுப்பது ஒரு குடும்பத்துக்கு மட்டுமே உரிய வீட்டையும் அதன் வளாகத்தையும்தான். அதற்குக் காரணம் உண்டு. ஆட்டம் வெளியான புதிதில், முன்பின் தெரியாதவர்கள் தங்கள் புல்வெளியில் வந்து நிற்கிறார்கள் என்று அமெரிக்க வீட்டுக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தனிக்குடும்ப வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் இருக்கும் நிறுத்தத்தை உரிமையாளர் கேட்டால் நீக்கலாம் என்று 2019-இல் சமரசம் ஏற்பட்டது. அடுக்குமாடியின் நிலைமை வேறு. மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்படி குளமும் திடலும் பொதுச் சொத்து. எல்லா வீட்டுக்காரர்களும் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் கூட்டு நிர்வாகக் குழுவோ நிர்வாகக் கழகமோ அவற்றைக் கவனித்துக்கொள்கிறது. ஆகவே மாடி வீட்டின் முன்வாசல் வேறு, கீழே உள்ள திடல் வேறு. இதே அளவுகோல்படி, வரிசை வீட்டு முற்றத்தில் இருக்கும் பிள்ளையார் மாடத்தைப் பரிந்துரைக்க முடியாது. அடுக்குமாடி வளாகத்து மரத்தடியில் எல்லாரும் ஊதுபத்தி ஏற்றும் டத்தோ கோங் மாடத்தைப் பரிந்துரைக்கலாம்.

வெளியாள் உள்ளே போக முடியாத இடம் எதற்கு என்று கேட்பார்கள். எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அனுமதி உள்ளவர்கள் பாதுகாப்பாக நடந்து போக முடிந்தால் போதும். இதைவிட வலுவான ஆட்சேபம் பாதுகாப்பைப் பற்றியது. 80 மீட்டர் தூரத்திலிருந்தே நிறுத்தத்தைத் தொடலாம் என்பதால், வேலிக்கு வெளியே ஆள்கள் வண்டியை நிறுத்திக் காத்திருக்கலாம். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அருகே அது நடந்தால் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் குடியிருப்பாளர்கள். எங்கோ உட்கார்ந்து வாக்களிக்கும் ஆட்டக்காரர் அல்ல. மோன்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் அடுக்குமாடி பற்றிய வழக்கில், குறுகிய கால வாடகைக்கு வீடு விடுவதை நிர்வாகக் கழகம் துணைவிதி மூலம் தடுக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் நடப்பதையே கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களிடம் திடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பரிந்துரைப்பதுதான் முறை. பிறகு தொல்லை வந்தால் நீக்கச் சொல்லவும் வழி இருக்கிறது.

பல பரிந்துரைகள் தோற்பது விதியால் அல்ல, சான்றுக் குறைவால். கூகுளின் தெருப்படக் கார் பாதுகாவலர் சாவடியைத் தாண்டி வராது. வாக்களிப்பவருக்கு வானத்திலிருந்து எடுத்த படத்தில் நீல நிறக் குளம் மட்டும் தெரியும், மரநிழலில் இருக்கும் திடல் தெரியாது. எனவே பரிந்துரையோடு அனுப்பும் சுற்றுப்புறப் படத்தில் கட்டடமும் நடைபாதையும் திடலும் சேர்ந்து விழ வேண்டும். ஆள்களின் முகமும் வண்டி எண்ணும் படத்தில் இருக்கக் கூடாது. இது எந்த வளாகத்தின் பொதுச் சொத்து, யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை விளக்கத்தில் எழுத வேண்டும். சாவடி, வாகன நிறுத்துமிடம், வளாகப் பெயர்ப்பலகை ஆகியவற்றை அனுப்பிப் பரிந்துரையை வீணாக்க வேண்டாம்.

குளம், உடற்பயிற்சிக்கூடம், டென்னிஸ் மைதானம் என்று வசதியான கொண்டோவுக்குப் பரிந்துரைக்கப் பல இடங்கள் இருக்கும். பண்டார் துன் ரசாக்கின் பிபிஆர் அடுக்குமாடிகள் போன்ற இடங்களில் ஒரு திடலே பல குடும்பங்களுக்குப் பொது. உடற்பயிற்சி, மக்கள் கூடுகை என்ற விதியின் சொந்த அளவுகோல்களின்படி பார்த்தாலும் அந்தத் திடலுக்கே தகுதி அதிகம். வாடகை பிபிஆரில் முதலில் கேட்க வேண்டியது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தையும் குடியிருப்பாளர் சங்கத்தையும். ஸ்ட்ராட்டா வளாகமானால், நிர்வாகக் குழுவின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே இதை எழுப்பலாம்.