செவ்வாயில் முப்பது அடி தாவ முடியுமா?

மாணவர்களே, சுவரோரம் நின்று ஒரு முறை எம்பிக் குதித்துப் பாருங்கள். அரை மீட்டர் எழும்பினால் நல்ல தாவல்தான். அதே வேகத்தில் செவ்வாய்க் கிரகத்தில் குதித்தால் சுமார் 1.3 மீட்டர் உயரம் போவீர்கள். அங்கே ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் 38 விழுக்காடு மட்டுமே.

1912-இல் எட்கர் ரைஸ் பரோஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்த உண்மையை வைத்து ஒரு தொடர்கதை எழுதினார். (டார்ஸானைப் படைத்தவரும் இவரே!) அது 1917-இல் ‘எ பிரின்சஸ் ஆஃப் மார்ஸ்’ என்ற நூலாக வந்தது. அக்காலத்தில் இத்தகைய சாகசக் கதைகள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாகும். அதனால் அவ்விதழ்களுக்கு ‘பல்ப்’ என்று பெயர்.

நாயகன் ஜான் கார்ட்டர் செவ்வாயில் கண்விழிக்கிறான். நடக்கப் பார்த்தால் ஒவ்வோர் அடியும் அவனை மேலே தூக்கிவிடுகிறது. ஆபத்து வந்ததும் தாவுகிறான், முப்பது அடி! சரிபார்ப்போமா? முப்பது அடி என்பது சுமார் 9 மீட்டர். அதற்குப் பூமியில் 3.4 மீட்டர் எம்பும் கால் வலிமை வேண்டும். இங்கே உயரம் தாண்டுதலில் உலகச் சாதனையே 2.45 மீட்டர்தான். பரோஸ் கொஞ்சம் தாராளமாகவே அளந்துவிட்டார்.

ஆனால் செவ்வாயின் நிலவுகளில் ஒன்றான ஃபோபோஸைப் பற்றி அவர் எழுதியது சரி. அது ஏழரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கிரகத்தைச் சுற்றிவிடும். செவ்வாய் தன்னைத் தானே சுற்ற 24 மணி 37 நிமிடம் எடுக்கிறது. நிலவு கிரகத்தை முந்துவதால், அங்கிருந்து பார்த்தால் அது மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும்.

வறண்ட கடல்கள், கால்வாய்கள், அழிந்துவரும் நாகரிகம் ஆகியவை எங்கிருந்து வந்தன? 1877-இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டு ‘கனாலி’ என்றார். அச்சொல் இயற்கை நீரோடையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அது ‘கால்வாய்’ ஆனது. கால்வாய் என்றால் வெட்டியவர் வேண்டுமே! அமெரிக்கரான பெர்சிவல் லோவெல், துருவப் பனியிலிருந்து நீர் கொண்டுவர செவ்வாய்வாசிகள் வெட்டியவை அவை என்று நூல்களே எழுதினார். 1965-இல் மரைனர் 4 விண்கலம் அருகே சென்று படம் எடுத்தது. தெரிந்தவை பள்ளங்கள். கால்வாய் ஒன்றுகூட இல்லை.

“தப்பான அறிவியலை ஏன் டீச்சர் படிக்கணும்?” என்று வகுப்பில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாடநூல் ‘38 விழுக்காடு’ என்று சொல்லி நகர்ந்துவிடும். இக்கதையோ அந்த எண் உடம்பில் எப்படி இருக்கும் என்று காட்டுகிறது. கதை நிலைத்ததற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து. வானியலாளர் கார்ல் சேகன் சிறுவயதில் இக்கதைகளில் மூழ்கியவர். கைகளை விரித்து நின்று, தன்னையும் செவ்வாய்க்குக் கொண்டுபோகும்படி வேண்டியிருக்கிறார். 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் குழுவில் அவரும் ஒருவர்.

இன்னொன்று. கதையில் கிரகம் முழுவதற்கும் காற்றைத் தயாரிக்கும் ஓர் ஆலை உண்டு. 2021-இல் பெர்சிவரன்ஸ் ஊர்தியுடன் சென்ற மாக்ஸி கருவி, செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து உண்மையாகவே ஆக்சிஜன் தயாரித்தது. பதினாறு முறை இயங்கி, மொத்தம் 122 கிராம். ஒரு விண்வெளி வீரருக்குச் சுமார் நான்கு மணி நேரத்துக்குப் போதும்.